டிரசீனாவும் வேலூர் தண்ணீரும்

வீட்டுக்குள் வைத்த டிரசீனாவின் இலை நுனி கருகினால் வேலூரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். செடி விற்றவர் "ஹீட்டு சார், தாங்கல" என்பார். பக்கத்து வீட்டில் "தண்ணி பத்தல, இன்னும் நல்லா ஊத்துங்க" என்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் தப்பு. கூடத்து மூலையில் நிழலில் நிற்கிற செடியை வெயில் சுடுவதில்லை. தண்ணீர் குறைந்து செத்த டிரசீனாவும் அபூர்வம். ஊற்றிய தண்ணீரின் உப்பாலும், ஊற்றிய அளவாலும் போனவைதான் அதிகம்.

'தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை' என்று ஊரைக் கேலி செய்யும் பழைய பேச்சு உண்டு. அந்த இரண்டுமே இந்தச் செடியைத் தொடுகின்றன. மொட்டைப் பாறை மலைகள் பகலில் ஏறிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். பாலாறு வறண்டு கிடப்பதால் பாதி ஊர் போர் தண்ணீரை நம்பி இருக்கிறது. பாறை இடுக்கில் நெடுநாள் தேங்கிய நீரில் சுண்ணாம்பும் உப்பும் கரைந்திருக்கும், பல இடங்களில் ஃபுளோரைடும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. வெளியே நிற்கும் வேம்புக்கும் செம்பருத்திக்கும் இந்தத் தண்ணீர் ஒத்துப்போகலாம். டிரசீனாவுக்கு ஒத்துவராது.

எதை வாங்குவது

நர்சரியில் டிரசீனா என்று ஒரே பெயரில் விற்பவை பல வகை. மூன்று தடித்த கட்டைகளை உயரம் மாற்றி ஒரே தொட்டியில் நட்டிருப்பார்கள். உச்சியில் அகன்ற இலைக்கொத்து, இலை நடுவில் மஞ்சள் பட்டை. இது மாசாஞ்ஜியானா, ஆப்பிரிக்கக் காடுகளின் மர நிழலில் வளரும் ஃபிராக்ரன்ஸ் இனம். அதே இனத்தில் கரும்பச்சை இலை ஜேனட் கிரெய்க், வெள்ளைக் கோடுள்ள வார்னெக்கி, வெளிர்மஞ்சள் விளிம்புள்ள லெமன் லைம் எல்லாம் அடக்கம். ஒல்லித் தண்டும் சிவப்பு விளிம்புள்ள ஊசி இலையும் இருந்தால் மார்ஜினேட்டா. குட்டை இலைகள் தண்டைச் சுற்றிச் சுழன்று மஞ்சள் கரையோடு வந்தால் சாங் ஆஃப் இந்தியா. பெயரில் இந்தியா இருந்தாலும் அது மடகாஸ்கர் பக்கத்துச் செடி. கண்ணாடிக் குவளையில் தண்ணீரில் நிற்கும் லக்கி பேம்பூ மூங்கிலே இல்லை, அதுவும் டிரசீனாதான்.

ஸ்நேக் பிளான்டையும் தாவரவியலார் இப்போது டிரசீனா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் நம் பக்கத்து வேலியோரம் முளைக்கும் மருளும் டிரசீனாதான். முன்பு நார் உரித்துக் கயிறு திரித்தார்களே, அதே மருள். உறவு முறை அப்படியிருக்க, பராமரிப்பு வேறு. ஸ்நேக் பிளான்ட் இலையிலேயே நீரைச் சேமிக்கும், கொஞ்சம் உப்பையும் பொறுத்துக்கொள்ளும். கீழே எழுதுவதெல்லாம் தண்டும் இலைக்கொத்தும் உள்ள வகைகளுக்கு.

போர் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லாத வீடு என்றால் வார்னெக்கி, ஜேனட் கிரெய்க் இரண்டையும் வாங்காமல் இருப்பது நல்லது. ஃபுளோரைடுக்கு முதலில் கருகுபவை அவைதான். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஸ்நேக் பிளான்ட் போதும்.

வாங்கும்போது கட்டையைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேர் சரியாகப் பிடிக்கவில்லை. அடிக்கட்டையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே அமுங்கினால் அழுகல் ஆரம்பித்துவிட்டது, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். இலை தண்டோடு சேரும் மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கட்டையின் வெட்டிய தலையில் மெழுகு பூசியிருப்பது குறையில்லை. ஈரம் வெளியேறாமலும் நோய் நுழையாமலும் இருக்கப் பூசுவது அது, அப்படியே விடலாம்.

தண்ணீர்

முதலில் ஒரு டி.டி.எஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி, வாங்கிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான், பேனா அளவு இருக்கும். வீட்டில் கிடைக்கும் ஒவ்வொரு தண்ணீரையும் அளந்து எழுதிவையுங்கள்: போர், நகராட்சிக் குழாய், லாரி, ஆர்.ஓ., ஏ.சி. குழாயில் சொட்டுவது. 300-க்குக் கீழே இருந்தால் கவலையில்லாமல் ஊற்றலாம். 300 முதல் 600 வரை ஊற்றலாம், ஆனால் அவ்வப்போது மண்ணைக் கழுவ வேண்டும். 1000-ஐத் தாண்டினால் டிரசீனா பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஃபுளோரைடை லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. மனிதர் குடிக்கலாம் என்கிற அந்த 1 மில்லிகிராமே டிரசீனாவுக்கு அதிகம். இலை வழியாக நீர் ஆவியாகிப் போகும், ஃபுளோரைடு மட்டும் நுனியிலும் விளிம்பிலும் தங்கிவிடும். தங்கியது திரும்பி வராது, சேர்ந்துகொண்டே போய் அந்தத் திசு சாகும். அதனால்தான் பழைய இலைகளில் கருகல் நீளமாகவும் புது இலைகளில் துளியாகவும் இருக்கிறது.

'தண்ணியைப் பிடித்து ஒரு ராத்திரி வைத்து ஊற்று' என்கிற யோசனை எல்லோரும் சொல்வது. குளோரின் வாடை போவதற்கு அது சரி. ஃபுளோரைடும் உப்பும் ஒரு ராத்திரி அல்ல, ஒரு மாதம் வைத்தாலும் போகாது. கொதிக்கவைத்தால் ஆவி போக மிச்சத்தில் ஃபுளோரைடின் செறிவு இன்னும் கூடும்.

ஆர்.ஓ. கருவியில் வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடுவது வேலூரில் பரவலான வழக்கம். சிக்கனம் என்ற வகையில் நல்ல எண்ணம்தான், ஆனால் இந்தச் செடிக்கு அதுவே விஷம். 1200 டி.டி.எஸ் உள்ள போர் தண்ணீரில் பாதி சுத்தமாகி 50-ல் வடிகிறது என்று வையுங்கள். நீக்கிய உப்பு முழுவதும் மீதிப் பாதியில் இருக்கும், அதாவது 2350. அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்ககங்களில் உள்ள சாஃப்ட்னர் தண்ணீரும் ஆகாது. சோப்பு நுரைக்கும், குழாயில் வெள்ளை படியாது, பார்க்க நல்ல தண்ணீர் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கருவி சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. மொத்த உப்பு குறைவதில்லை. செடிக்கு சுண்ணாம்பைவிட சோடியம்தான் மோசம்.

அப்படியானால் எதை ஊற்றுவது? மழைநீருக்கு ஈடு எதுவும் இல்லை. மாடிக் குழாயில் முதல் பத்து பதினைந்து நிமிடம் வருவது தூசியும் பறவை எச்சமும் கலந்தது, அதை விட்டுவிட்டு டிரம்மில் பிடிக்கலாம். டிரம் வாயில் வேட்டித் துணியை இறுக்கிக் கட்டாவிட்டால் கொசு வந்துவிடும். அடுத்தது ஏ.சி.யில் சொட்டும் நீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது என்பதால் மீட்டரில் மிகக் குறைவாகவே காட்டும். கம்பிச்சுருளை ரசாயனம் தெளித்து சர்வீஸ் செய்த பிறகு இரண்டு நாள் நீரை மட்டும் கொட்டிவிடுங்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் குடிநீர் கிடைக்கிற தெருக்களில், மீட்டரில் அளந்துவிட்டு அதையே நேரடியாக ஊற்றலாம். ஆனால் ஒரே குழாயில் இன்று காவிரி, நாளை உள்ளூர் போர் என்று மாறி வருவதும் உண்டு. அதனால் ஒருமுறை அளந்ததோடு நிறுத்தாதீர்கள்.

கலந்தும் ஊற்றலாம். 1000 உள்ள போர் தண்ணீர் ஒரு பங்கு, 50 உள்ள ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் ஏறக்குறைய 290 வரும். நான்கு தொட்டி உள்ள வீட்டுக்கு வாரம் ஐந்தாறு லிட்டர் நல்ல தண்ணீர் போதும், அது பெரிய செலவில்லை.

எப்போது, எவ்வளவு

'வாரம் இரண்டு முறை' போன்ற கணக்கை நம்பாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் இரண்டு அங்குலம் குத்தி, ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் மண் ஒட்டி வந்தால், குளிர்ச்சியாக இருந்தால், ஊற்ற வேண்டாம். காய்ந்து சுத்தமாக வந்தால் ஊற்றலாம். இன்னும் எளிது, தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. ஊற்றிய மறுநாள் கனமும் காய்ந்தபின் கனமும் கைக்குப் பழகிவிட்டால் குச்சியும் தேவையில்லை.

ஊற்றும்போது அரை டம்ளர், கால் டம்ளர் என்று தெளிக்கக் கூடாது. அப்படித் தெளித்தால் மேல் மண் மட்டும் நனையும், உப்பு அங்கேயே வெள்ளையாகப் படியும், அடி வேர் காயும். பத்து அங்குலத் தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் வரை மெதுவாக, சுற்றிலும், அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். வடிந்த நீரை அரை மணிக்குள் தட்டிலிருந்து கொட்டிவிடுங்கள். வடிந்து வருவதில் உப்பும் வருகிறது. தட்டிலேயே விட்டால் மண் அதை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த அளவில் ஊற்றினால் கத்திரி வெயில் காலத்தில் ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை, ஆடி ஆவணியில் எட்டுப் பத்து நாள், ஐப்பசி கார்த்திகை மழையில் பன்னிரண்டு பதினைந்து நாள் என்று வரும். இருட்டு மூலையில் நிற்கும் செடிக்கு இடைவெளி இன்னும் கூடும். வெளிச்சம் குறைந்தால் இலை குடிப்பதும் குறையும். இருட்டில் வைத்துவிட்டு, வாடியிருக்கிறதே என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் டிரசீனாவைக் கொல்லும் நேர்வழி.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்ணைக் கழுவ வேண்டும். மேல் மண்ணில் வெள்ளைப் படிவம் இருந்தால் முதலில் அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். பிறகு தொட்டி கொள்ளும் அளவுபோல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை, இடைவெளி விட்டு மூன்று தவணையாக ஊற்றி வடியவிட வேண்டும். பத்து அங்குலத் தொட்டிக்கு இருபது லிட்டர் ஆகும். அவ்வளவு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்றால் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. ஐப்பசியில் விடாமல் பெய்யும் ஒரு நாளில் தொட்டியை மாடிக்கோ முற்றத்துக்கோ தூக்கிப்போய் வையுங்கள். அடுத்த நாள் வெயில் ஏறுமுன் உள்ளே கொண்டுவந்துவிட்டால் மண்ணும் கழுவியாயிற்று, இலைத் தூசியும் போயிற்று. மறந்து வெயிலில் விட்டால் ஒரே மதியத்தில் இலை வெளுத்து வெந்துவிடும்.

மண்ணும் தொட்டியும்

நர்சரிக் கருப்புக் கவரில் வருவது பெரும்பாலும் பிசுபிசுப்பான களிமண். இங்கே கிடைக்கும் உள்வீட்டுச் செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. பயணத்தில் உதிராமல் வேரோடு ஒட்டியிருக்க அந்த மண் வசதி. வீட்டுக்குள் வெயிலும் காற்றும் இல்லாத இடத்தில் அதே மண் வாரக்கணக்கில் ஈரம் பிடித்து நிற்கும், காய்ந்தால் கல்லாகும்.

கலவைக்கு: கழுவிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கரடுமுரடான பொருள் ஒன்றரைப் பங்கு. கரடுமுரடானது என்றால் பட்டாணி அளவு உடைத்த செங்கல், அடுப்புக்கரித் துண்டு, பருமணல், எது கிடைக்கிறதோ அது. எம்-சாண்ட் போட்டால் நீரில் அலசி மாவுத் தூசியை நீக்கிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூசியே சிமென்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும். மண்ணை இலகுவாக்கக் கலக்கும் வெள்ளைக் குறுணையான பெர்லைட்டில் சிறிதளவு ஃபுளோரைடு உண்டு. இந்தச் செடிக்கு அதைத் தவிர்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

தென்னைநார்க் கட்டியைக் கழுவாமல் போடாதீர்கள். 650 கிராம் கட்டி ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் ஆகும். ஊறவைத்த நீரைப் பிழிந்து கொட்டி, மறுபடி ஊறவைத்து, இப்படி மூன்று முறை. கடலோரத்திலிருந்து வரும் நாரில் உப்பு நிறைய. பிழிந்த நீரில் மீட்டரை வைத்துப் பார்த்தால் எத்தனை முறை கழுவ வேண்டும் என்று அதுவே சொல்லும்.

தொட்டியில் துளை இருக்க வேண்டும், இதில் பேரமில்லை. அழகான பீங்கான் தொட்டியோ கரிகிரி மெருகுப் பானையோ இருந்தால், செடியைத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு அதை உள்ளே இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்தபின் திரும்ப வையுங்கள். அடியில் ஜல்லி பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் கரடான ஜல்லிக்குள் எளிதில் இறங்காது, ஜல்லிக்கு மேலேயே தேங்கும். ஈர மண்டலம் வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிடும், அவ்வளவுதான் பலன். துளையை ஓர் ஓட்டுச் சில்லால் மூடினால் போதும்.

வாங்கிய அன்றே தொட்டி மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குப் பழகட்டும். கத்திரி காலத்தில் மாற்றவே வேண்டாம். ஆடிக்குப் பிறகு, வேர்க்கட்டியை வாளி நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, களிமண்ணை விரலால் பிசைந்து உதிர்த்து, பழையதைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகலமான தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டியில் நட்டால் வேர் எட்டாத மண் நனைந்தே கிடந்து புளித்துப்போகும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

வெளிச்சம்

விளக்குப் போடாமல் நடுப்பகலில் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் குறைந்தபட்சம். போனில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் செயலி இருந்தால் 1000 என்பது உயிரோடு இருக்கும் அளவு, 2000 முதல் 5000 வரை வளரும் அளவு. பச்சை இலை ஜேனட் கிரெய்க் குறைந்த வெளிச்சத்தையும் தாங்கும். மஞ்சள், வெள்ளைக் கோடு உள்ளவற்றுக்கு அதிகம் வேண்டும், இல்லையென்றால் புது இலையில் கோடு மங்கும். சாங் ஆஃப் இந்தியா எல்லாவற்றையும்விட வெளிச்சம் கேட்பது. பால்கனி நிழல் அதற்கு ஏற்ற இடம்.

'வடக்கு ஜன்னல் பாதுகாப்பு' என்று வடநாட்டுக் குறிப்புகளில் எழுதியிருப்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் தலைக்கு நேரே வந்து, பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகலில் வடக்கே சாய்ந்து போகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் காலை மாலை நேர் வெயில் விழும். ஐப்பசியிலிருந்து தை வரை சூரியன் தெற்கே, அப்போது தெற்கு ஜன்னலில் வெயில் உள்ளே நீண்டு வரும். மார்கழிக் காலை வெயில் கெடுக்காது. மேற்கு ஜன்னல்தான் ஆண்டு முழுவதும் எதிரி. அங்கே வைத்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடியிலிருந்து நான்கடி தள்ளி, இடையில் வெள்ளைத் திரை.

நர்சரியின் பச்சை வலைக்கு அடியிலிருந்து கூடத்துக்கு வந்ததும் மூன்று நான்கு வாரத்தில் அடியிலைகள் சில மஞ்சளாகி உதிரும். இடம் மாறிய சங்கடம் அது, தானே நிற்கும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, அஸ்பெஸ்டாஸ் கூரை அறை இரண்டும் மே மாதத்தில் இதற்குச் சரிப்படாது. குளிரைப் பற்றி வேலூரில் யோசிக்கவே வேண்டாம். ஏலகிரியில் வீடு உள்ளவர்கள் மட்டும் மார்கழி, தை இரவுகளில் ஜன்னலோரத்திலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள். ஏ.சி. காற்று நேராக இலையில் அடிக்கக் கூடாது.

உரம்

அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம், மாதம் ஒருமுறை, பங்குனியிலிருந்து புரட்டாசி வரை. ஈர மண்ணில்தான் ஊற்ற வேண்டும், காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் சுடும். மற்ற மாதங்களில் வேண்டாம். சூப்பர் பாஸ்பேட் போடவே கூடாது. பாறை பாஸ்பேட்டிலிருந்து செய்வது என்பதால் அதில் ஃபுளோரைடு கலந்தே வரும். பஞ்சகவ்யம் நல்ல பொருள், ஆனால் கூடத்தில் ஊற்றினால் வீட்டில் யாரும் உட்கார முடியாது.

என்ன கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது

நுனி மட்டும் பழுப்பு, அதற்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு, விளிம்பிலும் பரவுகிறது, மண் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் ஃபுளோரைடு அல்லது உப்பு. தண்ணீரை மாற்றி, மண்ணைக் கழுவ வேண்டும். கருகியது பச்சையாகாது. புதிதாக வரும் இலை சுத்தமாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அசிங்கமாகத் தெரிந்தால் கத்தரியால் இலை முனை வடிவிலேயே சாய்வாக வெட்டுங்கள். பழுப்பில் ஒரு நூல் அளவு விட்டு வெட்டினால் பச்சைத் திசு மறுபடி கருகாது.

நுனி காய்ந்து, இலை முழுதும் தொங்கி, தொட்டி இலகுவாக இருந்தால் தண்ணீர்க் குறைவு. இப்படி வறண்ட தென்னைநார் மண் மேலே ஊற்றும் நீரை ஓரமாகவே வடியவிடும். தொட்டியை அரை மணி நேரம் வாளி நீரில் இறக்கி ஊறவைத்து எடுத்தால் மறுநாள் நிமிர்ந்துவிடும்.

ஈர மண்ணிலேயே இலை தொங்கி, அடியிலைகள் ஒரே வாரத்தில் பல மஞ்சளாகி, மண்ணில் சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகல். உடனே வெளியே எடுங்கள். கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து வரும் வேர்களையெல்லாம் வெட்டி எறியுங்கள். வெள்ளையாகவோ ஆரஞ்சு நிறமாகவோ உறுதியாக இருப்பவை நல்ல வேர். ஃபிராக்ரன்ஸ் வகையின் வேர் இயல்பிலேயே ஆரஞ்சு, அதைப் பார்த்து நோய் என்று வெட்டிவிடாதீர்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்த கரைசலில் பத்து நிமிடம் முக்கி, நிழலில் சில மணி நேரம் காயவிட்டு, சிறிய தொட்டியில் புது மண்ணில் நடுங்கள். பத்து நாள் தண்ணீரே வேண்டாம். கட்டையே அமுங்கினால் வேரைக் காப்பாற்றிப் பயனில்லை. உறுதியான பகுதி வரும்வரை மேலே போய் வெட்டிப் பதியன் போட்டுவிடுங்கள்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு அடியிலை மஞ்சளாகிக் காய்வது வயது. அதற்கு வைத்தியம் வேண்டாம்.

இலை மேல் ஊசி குத்தினது போல வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை: செஞ்சிலந்தி. பங்குனி சித்திரையின் வறண்ட காற்றில் வருவது. குளியலறைக்குத் தூக்கிப்போய் இலையின் அடிப்பக்கத்தை நீர் பீச்சிக் கழுவுங்கள், நான்கு நாளைக்கு ஒருமுறை மூன்று தடவை. மாவுப்பூச்சிக்குப் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து, பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 2 மி.லி. சோப்புத் திரவம் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். ஒருமுறை தெளித்துவிட்டு விட்டால் முட்டையிலிருந்து மறுபடி வரும். மண்ணைச் சுற்றிக் குட்டிக் கருப்பு ஈ பறந்தால் மண் எப்போதும் நனைந்திருக்கிறது என்று பொருள். காயவிட்டாலே போய்விடும்.

இலைமேல் போர் தண்ணீர் தெளித்து ஈரப்பதம் கூட்டப் பார்ப்பவர்கள் உண்டு. சில நிமிடத்தில் ஈரம் போய்விடும், வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய், பால் தடவுவதும் வேண்டாம். தூசி ஒட்டி இலைத் துளைகள் அடையும். மாதம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால் போதும். வெள்ளைப் படிவம் இருந்தால் ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுத் துடைத்து, வெறும் நீரில் மறுபடி துடையுங்கள்.

வெட்டினால் பெருகும்

கூரை தொட்டுவிட்ட மார்ஜினேட்டாவை ஆடி ஆவணியில் வேண்டிய உயரத்தில் கூரான கத்தியால் வெட்டிவிடலாம். வெட்டுக்குக் கீழே ஒன்று முதல் மூன்று மொட்டு கிளம்பும், நான்கு முதல் எட்டு வாரமாகும். வெட்டிய தலையில் மெழுகுவர்த்தி சொட்டு விட்டால் போதும். தலைப்பகுதியில் ஆறு எட்டு அங்குலத் தண்டு வைத்து, அடியிலைகளை உரித்து, ஒரு நாள் நிழலில் காயவிட்டு, பருமணலும் தென்னைநாரும் சமமாகக் கலந்த மண்ணில் நடுங்கள். மீதித் தண்டை நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி நடலாம், ஆனால் மேல் எது கீழ் எது என்று வெட்டும்போதே அடையாளம் வைக்க வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. குழப்பமாகிவிட்டால் படுக்கவைத்துப் பாதி புதைத்துவிடுங்கள். சாங் ஆஃப் இந்தியா மட்டும் மெதுவாக வேர் விடும், பொறுமை வேண்டும்.

லக்கி பேம்பூ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்தக் குவளை நீரை வாரம் ஒருமுறை மாற்றி, உட்சுவரைத் துணியால் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், நீரை மட்டும் மாற்றினால் போகாது. ஆசியப் புலிக்கொசு 2001-ல் கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்ததே சீனாவிலிருந்து கப்பலில் போன லக்கி பேம்பூக் கட்டுகளோடுதான். குவளைக்கும் மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீரே. போர் தண்ணீரில் தண்டு மஞ்சளாகும், மஞ்சளான தண்டு திரும்பாது. பக்கத்துத் தண்டு கெடுமுன் அதை எடுத்துவிடுங்கள்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விலை கூட்டினால் கொடுக்க வேண்டாம். அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டுவது 1989-ல் நாசா மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. ஜன்னல் திறந்து மூடும் வீட்டில், காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக்கு மேல், கணக்கைப் பொறுத்து ஆயிரம் வரை செடி வேண்டும் என்று 2019-ல் வந்த ஆய்வு காட்டியது. பூனை, நாய் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையில் உள்ள சபோனின் என்ற பொருளால் வாந்தியும் எச்சில் ஒழுகலும் வரும். பூனைக்குக் கண் பாப்பா விரியும்.

மே விடுமுறையில் இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டாம். கிளம்பும் நாள் காலையில் வடியும்வரை ஊற்றி, தட்டைக் காலி செய்து, ஜன்னலிலிருந்து ஐந்தாறடி உள்ளே தள்ளி, தொட்டிகளை ஒன்றாகச் சேர்த்து வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது கொஞ்சம் தொங்கியிருக்கும். வந்ததும் முதலில் குச்சியைக் குத்திப் பார்த்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.